காமிரா வாங்கும் முன்...

"வீடியோ எடுக்கக் காமிரா ஒன்று வாங்க வேண்டும், குறைந்த விலையில் எது நல்லது?" என்ற கேள்வி இப்போது நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. மகனின் நிகாஹ்வைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார் ஒருவர். மதரஸா மாணவர்களின் ஆண்டு விழாவைப் படமாக்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். வயது முதிர்ந்த தாயாரின் பேச்சைக் குரலோடும் முகத்தோடும் சேமித்து வைக்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து எழுதுகின்றார் ஒரு மகன். விருப்பங்கள் யாவும் நியாயமானவையே. ஆயினும் கடைக்குச் சென்று விலையைக் கேட்டதும் பலர் திகைத்து நிற்கின்றனர். சிலர் கடன் பட்டேனும் வாங்கி விடுகின்றனர். வாங்கிய காமிரா ஓராண்டுக்குள் அலமாரியில் தூங்குவதையும் காண்கிறோம்.

மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுக்கும் எனக்கு விழாக்களையும் பாடங்களையும் பதிவு செய்யும் பொறுப்பு பல ஆண்டுகளாக வந்து சேர்ந்துள்ளது. அந்தப் பழக்கத்தில் அறிந்த உண்மை ஒன்றுண்டு. செலவழிக்கும் பணத்தில் காமிராவுக்கு உரிய பங்கு நாம் எண்ணுவதை விடச் சிறியது. ஒலி, ஒளி, அசையாத பிடிப்பு, எடுத்ததைக் காக்கும் ஏற்பாடு ஆகிய நான்கும் அமைந்து விட்டால் எளிய காமிராவே போதுமானது. அவை அமையாவிடில் இலட்ச ரூபாய்க் காமிராவும் பயன் தராது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேசட் காலம் தரும் பாடம்

படம் பிடிக்கும் கருவியும் பதிவு செய்யும் கருவியும் ஒரே பெட்டிக்குள் அமைந்த வீட்டு உபயோக வீடியோ காமிராவை 1983ஆம் ஆண்டு ஸோனி நிறுவனம் வெளியிட்டது. 1985இல் அதே நிறுவனம் சிறிய கேசட்டில் பதிவாகும் காமிராவைக் கொண்டு வந்தது. அவ்வரிசையே பின்னர் 'ஹேண்டிகேம்' என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம் சகோதரர்கள் ஊர் திரும்பும்போது டேப் ரிக்கார்டரோடு இத்தகைய காமிராவையும் சுமந்து வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 1980களிலும் 1990களிலும் நம் வீடுகளில் நடந்த திருமணங்கள் வி.எச்.எஸ். கேசட்டுகளில் பதிவாகி, பீரோக்களில் நகைப்பெட்டிகளுக்கு அருகில் வைக்கப்பட்டன.

இன்று அவற்றின் நிலை என்ன? ஈரக்காற்றால் நாடாவில் பூஞ்சை படர்ந்திருக்கும். காந்தப்பூச்சு உதிரத் தொடங்கியிருக்கும். நாடா நன்றாக இருந்தாலும் அதனை ஓட்டிப் பார்க்கக் கருவி கிடைப்பது அரிது. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தி விட்டது. 1995இல் வந்த மினி டி.வி. கேசட்டுகளுக்கும் இதே கதிதான். அவற்றிலிருந்து படத்தை மாற்ற உதவிய ஃபயர்வயர் இணைப்பு இப்போது விற்கப்படும் கணினிகளில் இல்லை.

அன்று அக்காமிராக்களுக்குக் கொடுத்த விலை சிறிதன்று. பலருக்கு அது பல மாதச் சம்பளம். காமிரா போய் விட்டது. எஞ்சியிருப்பது அந்நாடாவில் அடைபட்டுள்ள குரல்களும் முகங்களுமே. அவற்றுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. ஆகவே புதிய காமிரா வாங்க எண்ணுவோர், அதற்கு முன்பாகத் தம் வீட்டிலுள்ள பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை முடித்து விடுவது நல்லது. வி.சி.ஆர். வைத்துள்ள ஸ்டுடியோக்காரர்கள் இன்னும் சில ஊர்களில் இப்பணியைச் செய்து தருகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களும் குறைந்து விடுவர்.

எதைப் பதிவு செய்யப் போகிறோம்?

காமிராவின் தேர்வு இக்கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் குடும்பங்களின் தேவையை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பெரியவர்களின் நினைவுகள். எங்கள் தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. அந்நாளை நேரில் கண்டு நினைவில் வைத்திருப்போர் இன்று எழுபது வயதை எட்டியோ கடந்தோ இருப்பர். தமிழும் தக்கனி உருதுவும் கலந்து பேசும் அம்முதியோரின் மொழியே ஒரு செல்வம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வருமுன் பெண்கள் குடத்தோடு எத்தனை தொலைவு நடந்தனர்? அரூர், பாலக்கோடு, பென்னாகரம் சந்தைகளுக்குச் சென்று வந்த வணிகர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? நோன்புக் காலத்தில் ஸஹர் வேளையில் மக்களை எழுப்பியவர் யார்? இவற்றை எந்தப் புத்தகத்திலும் காண இயலாது. தாதியிடமும் நானாவிடமும் கேட்டால்தான் உண்டு.

இரண்டாவது, பாடமும் சொற்பொழிவும். ஒருவர் ஓரிடத்தில் அமர்ந்து நெடுநேரம் பேசுவார். காமிரா அசைய வேண்டியதில்லை.

மூன்றாவது, திருமணம், விழா போன்ற நிகழ்ச்சிகள். கூட்டம் இருக்கும், அசைவு இருக்கும், வெளிச்சம் சீராக இராது. கருவிக்கு அதிக வேலை இருப்பது இங்குதான்.

முதல் இரண்டு தேவைகளுக்கும் தனிக் காமிரா பெரும்பாலும் தேவையே இல்லை.

கையிலுள்ள காமிரா

2000ஆம் ஆண்டில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் காமிரா பொருத்திய செல்பேசியை வெளியிட்டபோது அதனை விளையாட்டுப் பொருளாகவே பலர் கருதினர். இன்று சாதாரண விலையில் கிடைக்கும் ஸ்மார்ட்ஃபோன் ஃபுல் எச்.டி. எனப்படும் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தை எடுக்கின்றது. பழைய வி.எச்.எஸ். கேசட்டோடு ஒப்பிட்டால் இது எத்தனையோ மடங்கு தெளிவானது. 'ஃபோர் கே' என்பது இதைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது. வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கும் உறவினருக்கு அனுப்புவதற்கும் ஃபுல் எச்.டி. தாராளமாகப் போதும்.

செல்பேசியைக் கொண்டு பதிவு செய்வோர் சில முறைகளைப் பின்பற்றுதல் வேண்டும். கண்ணாடிப் பகுதியை மென்மையான துணியால் துடையுங்கள். மங்கலாகத் தெரியும் பல படங்களுக்குக் காரணம் விரல் பட்ட எண்ணெய்ப் பசையே. முன்புறக் காமிராவைத் தவிர்த்துப் பின்புறத்திலுள்ள முதன்மைக் காமிராவைப் பயன்படுத்துங்கள். செல்பேசியைப் படுக்கை வாட்டில் வையுங்கள். அழைப்பு வந்து பதிவு நின்று விடாதிருக்க 'ஏரோபிளேன் மோடு' எனும் நிலைக்கு மாற்றி விடுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்குவதைக் கைவிட்டு, பேசுபவரின் அருகில் செல்லுங்கள். விரலால் விரிக்கும்போது பெரும்பாலான செல்பேசிகள் படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகின்றனவே தவிர, புதிதாக எதையும் காண்பதில்லை.

செல்பேசிக்குக் குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் நெடுநேரம் ஓடினால் சூடேறிப் பதிவை நிறுத்தி விடும். மாலை நேர மங்கல் ஒளியில் படம் பொரிப் பொரியாகத் தெரியும். தொலைவிலுள்ள மேடையைத் தெளிவாகக் காட்ட இயலாது. இக்குறைகள் உங்கள் தேவைக்குத் தடையாக நிற்கின்றனவா என்று பார்த்த பின்னரே வேறு காமிராவைப் பற்றி எண்ணுதல் முறை.

காதுக்கு முதலிடம்

படம் சற்று மங்கலாயினும் மக்கள் பொறுத்துக் கொள்வர். பேச்சு புரியாவிட்டால் இரண்டு நிமிடத்தில் எழுந்து சென்று விடுவர். ஆயினும் வாங்கும்போது எல்லோரும் படத்தைப் பற்றியே கேட்கின்றனர். மைக்கைப் பற்றிக் கேட்போர் அரிது.

ஒலியின் இயல்பு எளியது. தொலைவு இரட்டித்தால், பேசுபவரிடமிருந்து நேராக வந்து சேரும் ஒலியின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைகின்றது. பத்தடி தள்ளி நிற்கும் காமிராவின் காதில் மின்விசிறியும் தெருவில் செல்லும் லாரியும் சுவரின் எதிரொலியுமே மேலோங்கி ஒலிக்கும். இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செல்பேசியைப் பத்தடி தொலைவில் வைத்து ஒரு நிமிடம் பேசுங்கள். பின்னர் ஒரு சாண் தொலைவில் வைத்துப் பேசுங்கள். இரண்டையும் காதில் ஹெட்ஃபோன் வைத்துக் கேளுங்கள். மைக் வாங்குவதா வேண்டாமா என்பதை உங்கள் காதே சொல்லி விடும்.

சட்டைக் காலரில் செருகும் சிறிய மைக் இதற்கு ஏற்றது. போயா நிறுவனத்தின் பி.ஒய்.எம்.1 எனும் கம்பியுள்ள மைக், ஆறு மீட்டர் நீளக் கம்பியுடன் வருவது; இத்தகையவை ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கின்றன. அதிலுள்ள சிறு விசையைச் செல்பேசிக்கு ஒரு நிலையிலும் காமிராவுக்கு மற்றொரு நிலையிலும் வைக்க வேண்டும். வட்டத் துளை இல்லாத புதிய செல்பேசிகளுக்கு இடையிணைப்பு ஒன்று தேவைப்படும். கம்பியில்லா மைக்குகள் வசதியானவை. ஆயின் அவற்றின் பேட்டரியைக் கவனித்து வர வேண்டும். எந்த மைக்காயினும், பதிவைத் தொடங்கியதும் அதன் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டி, பின்பு ஓட்டிக் கேளுங்கள். சுரண்டல் ஒலி ஓங்கிக் கேட்டால்தான் வெளி மைக் வேலை செய்கின்றது என்று பொருள்.

ஒளியும் நிலைப்பும்

வீட்டில் பெரியவரைப் பதிவு செய்யும்போது அவரை ஜன்னலுக்கு முன்னே முதுகு காட்டி அமர்த்தாதீர்கள். முகம் இருண்டு விடும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு நாற்காலியைத் திருப்பினால், காலை எட்டு, ஒன்பது மணி வெளிச்சமே எந்த விளக்கையும் விட அழகாக முகத்தைக் காட்டும். செலவும் இல்லை.

கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்களில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நொடிக்கு 30 படம் எடுக்கும் காமிரா அதனோடு ஒத்துப் போவதில்லை. காமிராவில் நொடிக்கு 25 படம் என்றும், ஷட்டர் வேகத்தை 50இல் ஒரு பங்கு என்றும் அமைத்து விட்டால் இக்குறை பெரும்பாலும் தீர்ந்து விடும். பல செல்பேசிகளில் 50 ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு.

அடுத்தது, டிரைபாட் எனப்படும் முக்காலி. ஒரு மணி நேரச் சொற்பொழிவைக் கையில் பிடித்து எடுக்க எவராலும் இயலாது. ஓரிரு ஆயிரம் ரூபாயில் உறுதியான முக்காலி கிடைக்கும். கால்கள் மெலிந்து ஆடுவதை வாங்காதீர்கள். கடையிலேயே விரித்து, மேற்பகுதியை விரலால் தட்டிப் பாருங்கள்.

தனிக் காமிரா யாருக்கு?

ஆண்டு முழுதும் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ஜமாஅத், மதரஸா, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கும், இதனைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞருக்கும் தனிக் காமிரா தேவைப்படலாம். அவர்கள் வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை சில உண்டு.

வெளி மைக்கைச் செருகும் துளை இருக்கின்றதா? ஸோனியின் சி.எக்ஸ்.405 எனும் எளிய ஹேண்டிகேமில் கண்ணாடியாலேயே முப்பது மடங்கு பெரிதாக்கும் ஸூம் உண்டு. மேடையைத் தொலைவிலிருந்து எடுக்க உதவும். ஆயின் வெளி மைக்கிற்கான துளை அதில் இல்லை. சொற்பொழிவுக்கு அது பெருங்குறை.

தொடர்ந்து எத்தனை நிமிடம் பதிவாகும்? ஐரோப்பாவில் அரை மணிக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகளை வீடியோ காமிரா என வகைப்படுத்தி அதிக வரி விதித்த காரணத்தால், பல ஸ்டில் காமிராக்களை 29 நிமிடம் 59 நொடியில் நின்று விடுமாறு நிறுவனங்கள் அமைத்திருந்தன. பழைய மாடல்களில் இத்தடை உண்டு. ஜும்ஆ உரையின் முக்கியக் கட்டத்தில் காமிரா நின்று விட்டால் யாரை நோவது?

பழைய காமிரா வாங்குவோர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். வீடியோ எடுக்கக் கூடிய முதல் டி.எஸ்.எல்.ஆர். காமிரா 2008இல் வந்த நிக்கான் டி90. எச்.டி. தரத்தில் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடமே எடுக்கும். ஓடும்போது தானாக ஃபோகஸ் செய்யாது. அக்காலத்துக் காமிராக்கள் பல, புகைப்படத்துக்குச் சிறந்தவை. வீடியோவுக்கு ஏற்றவை அல்ல. 2013இல் வந்த கேனன் 70டி காமிராவில்தான் வீடியோவுக்கு ஏற்ற 'டூயல் பிக்ஸல்' ஃபோகஸ் முறை அறிமுகமாயிற்று. அம்முறையுடன் மைக் துளையும் திரும்பும் திரையும் கொண்ட 2017ஆம் ஆண்டின் கேனன் 200டி, பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைத்தால் சிறு மதரஸாவுக்குப் பொருந்தும்; அரை மணித் தடை மட்டும் அதற்கு உண்டு. 2021இல் வெளியான ஸோனி இஸட்.வி.ஈ.10 காமிராவில் அத்தடை இல்லை. லென்ஸோடு கூடிய இத்தகைய புதிய காமிராக்களின் விலை அரை இலட்சம் ரூபாயை எளிதில் கடந்து விடும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விலை குறைவு என்று ஓடுவோரும், வெளிநாட்டிலிருந்து தருவிப்போரும், பழுது பார்க்க எங்கே செல்வது என்பதை முதலில் கேட்டறிக. பிற நாட்டில் வாங்கிய காமிராவுக்கு இங்கே உத்தரவாதம் செல்லாமற் போகலாம். ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய ரசீது இல்லாத பொருள் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். தருமபுரியிலிருந்து சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலையும் பஸ் கட்டணமும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியதே.

வட்டியில்லாத் தவணையா?

"வட்டியே இல்லை, தவணையில் வாங்கலாம்" என்ற விளம்பரம் நம் மக்களைப் பெரிதும் கவர்கின்றது. வட்டியைத் தவிர்க்க விரும்பும் நாம் இதனைச் சற்று ஆராய வேண்டும். வட்டியற்ற தவணை என்பது உண்மையில் இல்லை என்றும், அதன் வட்டி பரிசீலனைக் கட்டணம் போன்ற பெயர்களில் மறைக்கப்படுகின்றது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுட்டிக் காட்டியது. இப்போது நடைமுறையிலுள்ள கிரெடிட் கார்டுத் திட்டங்கள் பலவற்றில், வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கழிக்கின்றார்; வங்கியோ தவணையில் வட்டியை எழுதிக் கொள்கின்றது; அவ்வட்டியின் மீது ஜி.எஸ்.டி.யும் சேர்கின்றது. இதன் மார்க்க நிலையை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். குடும்பக் கணக்கு என்ற அளவில் ஒன்று கூறலாம்: மைக்கும் முக்காலியும் சேர்ந்து மூவாயிரம் ரூபாயைத் தாண்டாது. அதற்குக் கடன் தேவையில்லை. ஆண்டுக்கு ஓரிரு நிகழ்ச்சிகளே இருப்பின், காமிராவை நாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

எடுத்ததைக் காப்பது

ஃபுல் எச்.டி.யில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ நான்கு முதல் எட்டு ஜி.பி. வரை இடம் பிடிக்கும். ஃபோர் கே என்றால் பத்து முதல் இருபது ஜி.பி. வரை ஆகலாம். தரமான மெமரி கார்டை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். போலிக் கார்டுகள் சந்தையில் மலிந்துள்ளன. எடுத்த அன்றே கணினியில் ஒரு படி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு படி என இரண்டு படிகள் செய்யுங்கள். இயன்றால் மூன்றாவது படி ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதால், முழுத்தரம் வேண்டுவோர் 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புக. கோப்பின் பெயரில் பேசியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். பெயரில்லாத பதிவை இருபதாண்டு கழித்துப் பார்க்கும் பேரன், திரையிலிருப்பவர் யாரென்று அறியாமல் அழித்து விடக் கூடும்.

அனுமதி என்னும் அமானிதம்

2012இல் வெளியான 'வழக்கு எண் 18/9' என்ற தமிழ்த் திரைப்படம் ஸ்டில் காமிராவினால் படமாக்கப்பட்டதற்காகப் பேசப்பட்டது; சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. மாணவன் ஒருவன் பெண்ணொருத்தியை அவளறியாமல் செல்பேசியில் படம் பிடிப்பதும், அதனால் விளையும் கேடுகளும் அதன் கதையில் வருகின்றன. விலை மலிந்த காமிராவின் நன்மையும் தீமையும் அப்படத்தில் ஒரு சேர அமைந்துள்ளன.

நம் திருமணங்களில் பெண்கள் பகுதியில் யார் பதிவு செய்வது, அப்பதிவு யார் கைக்குச் செல்வது என்பதை வீட்டார் முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும். பெண்கள் பகுதிக்குக் குடும்பத்துப் பெண் ஒருவரைப் பயிற்றுவித்தால் செலவும் குறையும், மன நிம்மதியும் உண்டு. பெரியவரிடம் பேச்சைப் பதிவு செய்யுமுன் "இதனை யாருக்குக் காட்டலாம்?" என்று கேளுங்கள். குடும்பத்துக்கு மட்டும் என்று அவர் கூறினால், அதனை இணையத்தில் ஏற்றுவது நம்பிக்கைத் துரோகம்.

சகோதர, சகோதரிகளே! காமிராவின் விலை ஆண்டுதோறும் மாறும். புதிய மாடல்கள் வந்து கொண்டே இருக்கும். காத்திருந்தால் இன்னும் நல்லதாக, இன்னும் மலிவாகக் கூடக் கிடைக்கலாம். ஆனால் எண்பது வயதுத் தாதியின் நினைவாற்றல் காத்திருக்காது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வீட்டார் கூடியிருக்கும் வேளையில், மின்விசிறியை நிறுத்தி விட்டு, ஜன்னலோரம் அவரை அமர்த்தி, கையிலுள்ள செல்பேசியைப் புத்தக அடுக்கின் மீது அருகில் சாய்த்து வைத்து, "உங்கள் சிறு வயதில் இந்த ஊர் எப்படி இருந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிவைக் குடும்பத்தோடு கேட்ட பின்னும் புதிய காமிரா தேவையென்று தோன்றினால், அப்போது கடைக்குச் செல்லலாம்.